‘பாதி மெத்தை’க்கு நான் எழுதிய விமர்சனம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பணி ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன் என்று பேர். காலையில் செராஸ் வீட்டை விட்டு இறங்கினால் ஏதாவது ஒரு ரயிலில் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பேன். காதில் பாட்டு ஓடும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறிவிடுவேன். பாட்டு எழுதியவன் மேல் காட்ட முடியாத கோபத்தை வேறு எங்கே காட்டுவது?

போன வாரம் கவிதா கூப்பிட்டாள். பத்திரிகையில் என் பக்கத்து மேசையில் இருந்தவள். ஞாயிறு மலரில் நான் பல வருடம் எழுதிய இசைப் பக்கத்தை இப்போது நிறுத்திவிட்டார்கள். அவள் கைப்பேசியில் ஒரு நிமிட வீடியோவாக விமர்சனம் செய்கிறாள்.

“ஆன்டி, ஒரு சின்னக் குறை சொன்னாகூட கீழ வந்து திட்டித் தீர்க்கிறாங்க. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாம் லா, எதுக்கு வம்பு? நீங்க அந்த ‘பாதி மெத்தை’க்கு எழுதினப்ப எப்படிச் சமாளிச்சீங்க?”

எங்கே சமாளித்தேன்? தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அவளிடம் போனில் பாதி சொன்னேன், மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதுகூடப் பொய். இந்த வரியைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வடைக் கடை வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவளாகச் சேர்ந்தவள். அப்பா ரயில்வே. வீட்டில் பாட்டு என்றால் வானொலிதான். ஞாயிறு மலரின் ஆசிரியர் சபாநாயகம் ஐயா, முன்பு அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கை கண்ணாடிப் பக்கம் போனாலே நாங்கள் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவோம். ஒரு நாள் நான் யாரோ எழுதிய விமர்சனத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தியதோடு நிற்காமல், “இவர் பாட்டைக் கேட்கவே இல்லை, அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்” என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த வாரம் எனக்கு ஓர் ஆல்பத்தைக் கொடுத்தார்.

அவருடைய முறை மூன்று கேட்பு. முதல் முறை வண்டியில். இரண்டாம் முறை வீட்டு வேலை செய்துகொண்டு. மூன்றாம் முறை ஒன்றும் செய்யாமல். “சமைக்கேக்க கை தானா நிண்டால் அது பாட்டு. நிக்காட்டி அது சத்தம்” என்பார். கேட்டு முடித்த பிறகு பாடகரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு எழுத வேண்டும். ‘தேன்குரல்’, ‘இசை மழை’ என்று எழுதினால் அந்த இரண்டாவது பேனா வெளியே வரும். அது சிவப்பு.

இன்னொரு விதி இந்த ஊருக்காகவே அவர் வைத்தது. நம் கலைஞர்கள் ஆல்பம் வெளியிட்டால் மண்டபம் எடுத்து விழா வைப்பார்கள். வந்திருக்கிற பத்திரிகைக்காரர்களைப் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். தோளில் சால்வையோடு வீட்டுக்குப் போனவர் மறுநாள் எப்படிக் குறை எழுதுவார்? அதுவும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆதரவு கொடுப்பது என்பது நம்மிடையே ஒரு தர்மம் மாதிரி. பொன்னாடை வாங்கியவர் அந்த ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதக் கூடாது என்பது ஐயாவின் கண்டிப்பு. அதனால் நான் எப்போதும் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவேன். அறிவிப்பாளர் “பத்திரிகை நண்பர்களை…” என்று ஆரம்பித்தால் கழிவறைக்கு ஓடிவிடுவேன். எனக்குச் சர்க்கரை வியாதி என்று ஊரெல்லாம் பேச்சு.

ரீத்தாவின் விழா பிரிக்பீல்ட்ஸில் நடந்தது. அவள் கிள்ளான் பெண். மாதா கோயில் பாடற்குழுவில் கிட்டார் கற்றவள், துறைமுகத்தில் கொள்கலன் லோரிகளைப் பதிவு செய்கிற அலுவலகத்தில் வேலை. பெரிய கிட்டார், சின்ன உருவம். கல்யாணம் முறிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டுப் பாடிய ஆல்பம் ‘பாதி மெத்தை’. புளூஸ் சாயல் உள்ள ராக். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு கிட்டார். தமிழில் அப்படி ஒன்றை இந்த ஊரில் அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

தவறு விழாவில் நடந்தது. மண்டபத்தை அவள் அண்ணன் எடுத்திருந்தார். அந்த மண்டபம் ஒரு சங்கத்தின் சொத்து. அங்கே எந்த நிகழ்ச்சி வைத்தாலும் சங்கத் தலைவர்தான் தலைமை தாங்குவார், அது எழுதாத சட்டம். தலைவர் ‘டத்தோ’ என்கிற அரசாங்கப் பட்டம் வாங்கியவர். அவர் ரீத்தாவின் முன்னாள் கணவனுக்குச் சொந்தப் பெரியப்பா. அண்ணன் மண்டபத்தைப் பார்த்தார், குளிர்சாதனத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தலைவரைப் பார்க்க மறந்துவிட்டார். ஞாபகம் வந்தபோது அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போய்விட்டது. டத்தோவாவது நாசூக்காக ஒதுங்கியிருக்கலாம். மேடையை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர்.

அப்போது ஆல்பம் பென்டிரைவில் வர ஆரம்பித்திருந்தது. வெள்ளித் தட்டில் பூ பரப்பி, நடுவில் விரல் நீளத்துக்குப் பென்டிரைவை வைத்துக்கொண்டு வந்தார்கள். டத்தோ அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அறிவிப்பாளர் ஆல்பத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, “நம் சகோதரியின் இந்த… இந்த… இசைப் படைப்பு” என்று தப்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. டத்தோ பேச ஆரம்பித்ததும் நின்றுவிட்டது.

“குடும்பம்னா ஆயிரம் இருக்கும். பாட்டுல சொல்லி ஆத்திக்கிட்டா, சரி. மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு இல்லம்மா? எங்க பையனும் மனுசன்தான். இந்த மேடையில சொல்றேன், வீட்டுக் கதவு தொறந்துதான் இருக்கு. நீ எங்க வீட்டுப் பிள்ளை. திரும்பி வந்துடும்மா.”

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. முன் வரிசையில் ரீத்தாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மேடை ஓரத்தில் ரீத்தா கிட்டாரின் ஒரே தந்தியைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தாள், அது சுருதி சேர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பிறகு ஒலிவாங்கி முன் வந்து ‘பாதி மெத்தை’ பாட்டைப் பாடினாள். பாடும்போதே அழுதாள். மண்டபமே அழுதது. எனக்கு மட்டும் கால் பரபரத்தது. எழுந்து வெளியே போய் நடந்தேன்.

விழா முடிந்த வாரத்தில் ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்கிறேன். ஒரு பத்திரிகையில் ‘திரும்பி வா மகளே: டத்தோ உருக்கம்’ என்று தலைப்பு. அதில் ஒரு பாட்டைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. இன்னொன்றில் கர்நாடக இசை கற்ற ஒரு பெரியவர், பாடகிக்குச் சுருதி நிற்கவில்லை, ஸ்வரங்களுக்கு நடுவில் வழுக்குகிறார் என்று எழுதினார். வழுக்குவதுதான் ஐயா அந்த இசை என்று யார் அவருக்குச் சொல்வது? வானொலியில் ஓர் அறிவிப்பாளர், நம்ம பொண்ணு, நாமதான் ஆதரிக்கணும் என்று சொல்லிவிட்டு, பாட்டைப் பாதியிலேயே நிறுத்தி விளம்பரம் போட்டார். ஒரு மகளிர் அமைப்பு அவளை வீராங்கனை என்றது. முகநூலில் முன்னாள் கணவனைத் திட்டினார்கள், அவளைத் திட்டினார்கள், அவள் அம்மாவின் வளர்ப்பைத் திட்டினார்கள். எல்லாரும் பஞ்சாயத்துக்குத்தான் வந்திருந்தார்கள். காது கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை.

நான் அதற்குள் இரண்டு முறை கேட்டிருந்தேன். ரயிலில் ஒரு தரம். அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது ஒரு தரம். மூன்றாவது பாட்டில் என் கை நின்றுவிட்டது. ‘ரெண்டு கிளாஸ் தே’ என்று பெயர். தே என்றால் இந்த ஊரில் தேநீர்.

ரெண்டு கிளாஸ் தே கலக்கிட்டேன், பழக்கதோஷம்.
ரெண்டு கிளாஸ் தே கலக்கிட்டேன், பழக்கதோஷம்.
ஒண்ண குடிச்சிட்டேன், ஒண்ண பாத்துக்கிட்டே இருந்தேன்.

அவ்வளவுதான் சரணம். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெங்காயத்தைக் காரணம் காட்டி நன்றாக அழுதேன்.

ஆனால் ‘பாதி மெத்தை’ பாட்டு, ஆல்பத்துக்கே பெயர் கொடுத்த பாட்டு, மண்டபத்தை அழவைத்த பாட்டு, சரியாக வரவில்லை. அவன் செய்ததையெல்லாம் அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். அவனுக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது, கேட்கிறவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. கிட்டார் பாவம், அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றது.

இதை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டத்தோ பக்கத்துக்கு அல்வா கிடைத்த மாதிரி. எழுதாமல் விட்டால் நானும் வானொலி அறிவிப்பாளரும் ஒன்று.

இந்தக் குழப்பத்தில் இருக்கும்போதே ரீத்தா போன் செய்தாள். கிள்ளானில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தோம். நான் சாப்பிட்டேன், அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஆன்டி, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். பாட்டு நல்லாருக்கா, இல்ல என் கதைதான் நல்லாருக்கா?”

நான் அப்பளத்தை எடுத்து உடைத்தேன்.

“எல்லாரும் வந்து கையப் பிடிச்சுக்கிறாங்க. ஆபீஸ்ல, சர்ச்ல. ‘பாவம்மா நீ’ங்கிறாங்க. யாராச்சும் அந்த கிட்டார் எப்படி வாசிச்சேன்னு கேட்டாங்களா? அம்மா டெய்லி அழுறாங்க, நெட்டுல போட்ட எல்லாத்தையும் எடுத்துடுன்னு. நல்லா இல்லன்னா எடுத்துடுறேன் ஆன்டி, சத்தியமா. வீட்டு விசயத்த ஊர் வாயில போட்டுட்டேன். அதுக்கு ஒரு நல்ல பாட்டாச்சும் மிஞ்சணும்ல? இல்லாட்டி நான் செஞ்சது வெறும் ஏசல்தான்.”

“ஞாயித்துக்கிழமை பேப்பர பாரும்மா” என்றேன்.

“இப்பவே சொல்ல முடியாதா?”

“முடியாது.”

அச்சில் வருமுன் கலைஞரிடம் தனியாக ஒரு சொல் சொல்லக் கூடாது என்பதும் ஐயாவின் விதி. நாற்பது தடவை அந்த விதியை மெச்சியிருப்பேன். அன்று அதைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

அந்த வாரம் பூராவும் நடந்துகொண்டே இருந்தேன், மூன்றாம் கேட்புக்கு மட்டும் ஒரு ராத்திரி உட்கார்ந்தேன். எழுதி முடித்து ஐயாவின் மேசையில் வைத்தபோது வெள்ளிக்கிழமை மத்தியானம். முதல் பத்தியில் விழாவில் நடந்த அநியாயத்தை வெளுத்து வாங்கியிருந்தேன். டத்தோவை நார் நாராகக் கிழித்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஐயா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, இந்த டத்தோ எத்தனையாவது பாட்டில வாசிக்கிறார்?”

“அவர் எங்கேயும் வாசிக்கல ஐயா.”

“அப்ப வெட்டும்.”

வெட்டினேன்.

“புருசன்காரன் எந்தப் பாட்டில வாறான்?”

“பாட்டே அவனப் பத்திதானே ஐயா…”

“எனக்கு அது தெரியுது. பாட்டு எங்கயாவது அவன்ர பேரைச் சொல்லுதோ?”

“இல்ல.”

“அதையும் வெட்டும்.”

பாதிக் கட்டுரை போய்விட்டது. மிச்சம் இருந்தது ‘ரெண்டு கிளாஸ் தே’ பற்றி, அந்த வழுக்குகிற சுரங்களைப் பற்றி, எங்கே கிட்டார் குரலுக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பற்றி. கடைசியில், ‘பாதி மெத்தை’ பாட்டு பற்றி நான் எழுதிய வரிகள். “இது இன்னும் பாட்டாகவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. இதை எழுதியவரால் இதை விட நன்றாக எழுத முடியும் என்பதற்கு அதே ஆல்பத்தில் சாட்சி இருக்கிறது.”

ஐயா அதன் மேல் பேனாவை வைத்தார். சிவப்புப் பேனா. எனக்கு நிற்க முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், திரும்பினேன்.

“ஐயா, அதையும் எடுத்துடலாமா? அவங்க இதைப் பிடிச்சுக்குவாங்க. அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒரு குறை தாங்காது.”

“அந்தப் பிள்ளை உம்மட்ட என்ன கேட்டவ?”

சொன்னேன்.

பேனாவை மூடிப் பையில் வைத்தார். “அப்ப இது நிக்கட்டும். இதை எடுத்தால் மேல எழுதின புகழ்ச்சியை அவ எப்படி நம்புவா?”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கியது. “நம்ம பிள்ளைய நீங்களே குத்தலாமா?” என்று ஒருவர். “பொம்பளைக்குப் பொம்பளையே எதிரி” என்று இன்னொருவர், பேர்கூடச் சொல்லாமல். மத்தியானத்துக்குள் அந்தக் கடைசி வரிகளை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ‘விமர்சகரே சொல்லிவிட்டார், இது பாட்டே இல்லை.’ நான் எதிர்பார்த்த அதே அல்வா. ஐயாவுக்கும் போன் போயிருக்கிறது. அவர் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாராம்: “முழுதும் வாசிச்சிட்டுப் போன் எடுங்கோ.”

ரீத்தாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். விமர்சகர் விசாரிக்கக் கூடாது. ஆனால் பாட்டு இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டாளா என்று காலையில் எழுந்ததும் கைப்பேசியில் தேடுவேன். இருந்தது. சாயங்காலமும் தேடுவேன். என் வீட்டுக்காரர், “நீ அந்த ஆல்பத்துக்கு வாட்ச்மேனா?” என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. நான் எழுதியதை அவள் குறையாக மட்டும் படித்துவிட்டாளோ என்ற பயம் பிடுங்கித் தின்றது.

தீபாவளிக்கு முன்பு கிள்ளானில், கடைத்தெருவை ஒட்டிய திடலில் ஒரு கலை நிகழ்ச்சி. சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. முன் வரிசையில் டத்தோ. ஏற்பாட்டாளர்கள் ரீத்தாவிடம், ‘அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்மா’ என்று கேட்டுக்கொண்டார்களாம், அது ஊருக்கே தெரிந்திருந்தது. ஆகவே கூட்டம் அதைக் கேட்கத்தான் வந்திருந்தது. அவள் மேடையேறியதும் பின்னாலிருந்து பையன்கள் கத்த ஆரம்பித்தார்கள். “பாதி மெத்தை! பாதி மெத்தை!” டத்தோ திரும்பிப் பார்த்து முறைத்தார். சத்தம் கூடியது. பாடினால் ஒரு பக்கம் ஜெயிக்கும், பாடாவிட்டால் மறுபக்கம். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, போகவும் முடியவில்லை.

ரீத்தா ஒலிவாங்கியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

“அந்தப் பாட்டு பாட மாட்டேன். யாரும் சொல்லி இல்ல. அது இன்னும் சரியா வரல. சரி பண்ணிட்டு வந்து பாடுறேன்.”

டத்தோ கைதட்டினார். தான் ஜெயித்ததாக நினைத்துவிட்டார் பாவம். பின்னால் கத்தியவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் எல்லாரும் அவள் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, ‘ரெண்டு கிளாஸ் தே’யைத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் திடல் அடங்கியது. நிகழ்ச்சி முடிந்ததும் நான் போய்ப் பேசவில்லை. அவளும் என்னைத் தேடவில்லை.

அதன் பிறகு சில வருடங்களில் ஐயா காலமானார். நான் ஓய்வு பெற்றேன். பக்கமும் போனது.

கவிதா கூப்பிட்டதற்கு மறுநாள் ரீத்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘பாதி மெத்தை’, புதிய ஒலிப்பதிவு. கூடவே ஒரே வார்த்தை: “இப்போ?”

பழைய சரணங்களில் ஒன்றுகூட இல்லை. அவன் இல்லை, அவன் செய்தது இல்லை. ஒரு பெண் மெத்தையை வெயிலில் காயப் போடுகிறாள், தனியாகத் திருப்ப முடியாமல் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். கிட்டார் இந்த முறை காத்துக்கொண்டு நிற்கவில்லை. ரயிலில் கேட்டேன், சுங்கை பூலோ வரை போய்விட்டேன், இறங்க மறந்து.

பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். ஊர் முன்னால் நின்று ‘இன்னும் சரியாக வரவில்லை’ என்று சொன்னவளுக்கு, சரியாக வந்துவிட்டது என்பதைத் தனியாக ஒரு குறுஞ்செய்தியில் சொல்வது நியாயமாகப் படவில்லை. அதனால் எல்லாரும் படிக்க இங்கே சொல்கிறேன்.

ரீத்தா, பாட்டு நன்றாக இருக்கிறது. கடைசிச் சரணம் மட்டும் இன்னும் கொஞ்சம் நீளம்.